பந்திக்கு முன் எழுந்து போனவள்

லெய்வியாவைத் திருவிருந்திலிருந்து விலக்கி வைத்தவர் வேறு யாருமில்லை, அவளுடைய சொந்தத் தாய்மாமன் கல்தாவ்தான். வனுவாட்டு என்ற பெயரே அந்தப் பசிபிக் தீவு நாட்டுக்கு இன்னும் வராத காலம் அது. உதாலிமா ஊரின் பிரஸ்பிட்டேரியன் சபையில் அவர் தலைமை மூப்பர். அவளுக்குப் பத்தொன்பது வயது. கல்யாணம் ஆகவில்லை, வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது.

மூப்பர்கள் போதகர் வீட்டில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். லெய்வியா வாசல் ஓரமாக நின்றாள். மற்ற மூப்பர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கல்தாவே பேச்சைத் தொடங்கினார்.

“யாரு?”

“நான் தப்பு பண்ணிட்டேன் மாமா. சபை முன்னாடி நின்னு சொல்றேன். ஆனா ஆள் பேரைச் சொல்ல மாட்டேன்.”

“பாதியை மடியில கட்டிக்கிட்டுப் பாதியை மட்டும் கொட்டிக் காட்டுவியா? பாதி அறிக்கை அறிக்கையே இல்ல.”

“என் பாதி என்னோடது. அவன் பாதியை அவன்தான் வந்து சொல்லணும்.”

அவன் வரவில்லை. அவன் கல்யாணமானவன். அவனுடைய மனைவி லெய்வியாவோடு கடற்கரையில் சிப்பி பொறுக்கி வளர்ந்த தோழி. அந்த மாதம் அந்தத் தோழிக்குப் பிரசவம். பெயரைச் சொன்னால் அந்த வீடு இடிந்துவிடும் என்று லெய்வியாவுக்குத் தெரியும். சில வருஷங்களில் அவன் குடும்பத்தோடு வேறு தீவுக்குப் போய்விட்டான். கடைசிவரை அவள் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. ஆகவே இங்கேயும் அது வராது.

“ஆராதனைக்கு வரலாம். பந்தியில உக்காரக் கூடாது. பேரைச் சொல்லி மன்னிப்புக் கேக்கிற அன்னைக்குத் திரும்பச் சேத்துக்குவோம்.” கல்தாவ் இதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தத் தீவில் பிள்ளை தாயின் குலத்தைச் சேரும். லெய்வியாவின் வள்ளிக்கிழங்குக் குலத்துக்குத் தலைவரும் கல்தாவேதான். ஊரே திரண்டு வந்தாலும் மருமகள் பக்கம் நிற்க வேண்டியவர் அவர். அதனாலேயே நிற்கவில்லை. சொந்தக்காரி என்று விட்டுக்கொடுத்தார் எனும் பேச்சு வரக் கூடாதே என்று பயந்தார். அன்று வீட்டுக்குப் போய் அவர் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி பிற்பாடு யாரிடமோ சொன்னாளாம்.

லெய்வியா ஆராதனைக்கு வருவதை நிறுத்தவில்லை. பெண்கள் பக்கத்தில் கதவை ஒட்டிய கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள். திருவிருந்து ஞாயிறுகளில் மேசைமேல் அப்பத்தையும் ரசத்தையும் மூடியிருக்கும் வெள்ளைத் துணியை மூப்பர்கள் தூக்கும்போது எழுந்து வெளியே போய் ஈரப்பலா மரத்தடியில் நிற்பாள். முதலில் மகள் நெல்லியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள், அப்புறம் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெல்லி வளர்ந்து தலைநகரான விலாவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பிறகு தனியாக நின்றாள். கவா என்ற மயக்கச் சாற்றைக் குடித்ததற்காகவும் பெண்டாட்டியை அடித்ததற்காகவும் விலக்கப்பட்ட ஆண்கள் சில மாதம் அவளோடு மரத்தடியில் நிற்பார்கள். பிறகு சபை முன் எழுந்து நின்று இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். அவர்களில் சிலர் அடுத்த வாரமே கவாச் சிரட்டையைத் தேடிப் போனதும் உண்டு.

அவளுடைய அம்மா படுத்த படுக்கையானபோதுதான் நோயாளிகளைப் பார்க்கும் வேலை அவள் கைக்கு வந்தது. வலிக்காமல் புரட்டிப் படுக்க வைப்பது, முதுகில் புண் வராமல் காப்பது, தேங்காய்ப்பாலில் குழைத்த லாப்லாப் கிழங்குக் களியைப் புரையேறாமல் ஊட்டுவது எல்லாம் அம்மாவிடம்தான் பழகினாள். அம்மா போன பிறகு பக்கத்து வீட்டில் கூப்பிட்டார்கள், பிறகு மேட்டுத் தெருவிலிருந்து கூப்பிட்டார்கள். சபையின் மாதர் சங்கம் நோயாளிகளைப் பார்க்க முறை வைத்திருந்தது. முறைக்காரிக்குத் தோட்டத்தில் வேலை இருந்தால் லெய்வியா போவாள், முறைக்காரிக்குத் தலைவலி என்றாலும் லெய்வியாதான் போவாள். பந்தியில் சேராதவள் என்பதால் சங்கத்தில் அவள் பெயர் கிடையாது, சங்கத்தின் வேலையில் மட்டும் அவள் இருந்தாள்.

அண்ணன் மனைவி லெய்மெலாவுக்கு இதைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். அவள் கோபப்பட்டாலும் கேலியாகத்தான் படுவாள்.

“ஏண்டி, பந்தியில நீ உக்காந்தா ஆகாது. ஆனா பந்தியில உக்காந்து தின்னவங்க குண்டியைக் கழுவ மட்டும் ஆகுமோ? இது எந்த ஆகமத்துல எழுதியிருக்கு?”

“உன் முறை வரும்போது கொதிக்கிற தண்ணியா ஊத்துறேன் மதினி. அப்ப உனக்கே வசனம் ஞாபகம் வரும்.”

கிழங்கு துருவிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் கை ஓயும்வரை சிரித்தார்கள். லெய்வியாவும் சிரித்தாள். வீட்டுக்குப் போகும் வழியில் அவள் முகம் எப்படி இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

கல்தாவுக்கு முதுமை வந்தது. மனைவி அவருக்கு முந்திப் போய்ச் சேர்ந்தாள். மகன்கள் இருவரும் ஆஸ்திரேலியாவுக்குப் பழம் பறிக்கும் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள். ஒருநாள் தோட்டத்தில் கிழங்குக்குக் குழி வெட்டும்போது அவர் விழுந்தார். படகில் ஏற்றி, வண்டி பிடித்து, விலா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தபோது இடது பக்கம் முழுக்க மரத்துப் போயிருந்தது, வாய் கோணியிருந்தது. வீட்டிலிருந்த மகன் மனைவிக்கோ இரண்டு கைக்குழந்தைகளும் தோட்டமும். மாதர் சங்கத்து முறை முதல் வாரம் ஒழுங்காக நடந்தது, பிறகு ஒவ்வொருத்தியாக நழுவினாள். ஊரையே விசாரித்துத் தீர்ப்புச் சொன்ன மனிதரை அவிழ்த்துத் துடைக்க யாருக்கும் கை வரவில்லை.

லெய்வியா வாளியோடு போனாள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

“வேற யாரும் இல்லையா?” வார்த்தைகள் குழறி வந்தன.

“இருக்காங்களே. கிழங்கு நட்டுட்டு வருவாங்க. அதுவரைக்கும் இப்படியே நாறிக்கிட்டுக் கிடக்கப் போறீங்களா மாமா?”

அவள் துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்தாள்.

“மூஞ்சியைத் திருப்பிக்கிட்டே இருங்க. முதுகு தேய்க்க எனக்கு வசதிதான்.”

பல மாதம் அப்படித்தான் போயிற்று. அவள் பேசுவாள், அவர் சுவரைப் பார்ப்பார். பிறகு எப்போதோ சுவரை விட்டுவிட்டார். வெந்நீர் சுடுகிறது என்பார், உப்புப் போதவில்லை என்பார், மூத்தவன் போன் பண்ணினானா என்பார். இருவரும் பழையதைத் தொடவில்லை.

அந்த வருஷம் வந்த போதகர் மலாபா, நடக்க முடியாதவர்களுக்குத் திருவிருந்தை வீட்டுக்கே கொண்டு போகிறவர். ஒரு ஞாயிறு மாலை அப்பத் தட்டோடும் சின்னக் கிண்ணத்தோடும் கல்தாவின் வீட்டுக்கு வந்தார். கூட மூப்பர் கல்சோங். லெய்வியா கிழவரின் தலைக்குத் துணி மடித்து வைத்துவிட்டு, வழக்கம்போல எழுந்து வாசலுக்கு நடந்தாள்.

“எங்க போறா?” என்றார் கல்தாவ்.

“அவ இருக்கக் கூடாதுல்ல” என்றார் கல்சோங். “நீங்க வச்ச சட்டம்தானே அண்ணே.”

கல்தாவ் நல்ல கையைத் தூக்கித் தட்டின் மேல் வைத்தார். “அப்ப மூடு. அவ வெளிய நிக்கும்போது எனக்கு உள்ள இறங்காது.”

போதகர் திகைத்தார். “ஐயா, அவளை விலக்கிக் கட்டினது மூப்பர் சபை. அவிழ்க்கிறதும் அவங்கதான். நான் ஒருத்தனா ஒண்ணும் செய்ய முடியாது.”

“நான் உன்னை அவிழ்க்கச் சொல்லலையே. தட்டை மூடுன்னுதான் சொல்றேன்.”

அவர்கள் ஜெபம் மட்டும் பண்ணிவிட்டுப் போனார்கள். லெய்வியா உள்ளே வந்து சத்தம் போட்டாள்.

“எதுக்கு இந்த வீம்பு? வீடு தேடி வந்த திருவிருந்தைத் திருப்பி அனுப்புவாங்களா?”

அவர் நல்ல கையால் அவளை அருகே அழைத்தார். “அன்னைக்கு” என்றார். “சபை முன்னாடி சொல்றேன்னியே. விட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?”

அவள் வாளியைக் கீழே வைத்தாள். “‘நான் தப்பு பண்ணிட்டேன். கர்த்தரும் சபையும் என்னை மன்னிக்கணும். பிறக்கப் போற பிள்ளையைத் தள்ளிடாதீங்க.’ இதைத்தான் நாள் முழுக்க மனப்பாடம் பண்ணிட்டு வந்தேன்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான் மாமா.”

“அது போதுமேம்மா.”

“போதும்னுதான் நானும் நினைச்சேன்.”

அவள் துணியை எடுத்து அவர் கண்ணையும் கன்னத்தையும் துடைத்துவிட்டாள். அந்த ஊரில் அவர் அழுது பார்த்தவர் யாருமில்லை.

மறுவாரம் அவர் மூப்பர்களைத் தம் படுக்கையருகே வரச் சொன்னார். எழுந்து நிற்க முடியாததால் படுத்தபடியே சொன்னார்: “இவ அறிக்கை செய்ய வந்தா. கேக்க மாட்டேன்னு தடுத்தது நான். மருமகளுக்கு இடம் கொடுத்துட்டான்னு ஊர் பேசுமேன்னு பயந்தேன். அது தேவ பயம் இல்ல, ஊர் பயம். எழுதிக்கோங்க.”

மூப்பர்கள் கலங்கிப் போனார்கள். கல்சோங் நல்லவர், ஆனால் ஒழுங்கு என்றால் ஒழுங்குதான் அவருக்கு. அவர் லெய்வியா பக்கம் திரும்பினார்.

“சரிம்மா, பேரெல்லாம் வேண்டாம். ஞாயித்துக்கிழமை எந்திரிச்சு, தப்பு பண்ணிட்டேன், மன்னிச்சிடுங்கன்னு மட்டும் சொல்லிடு. முடிச்சிடலாம்.”

லெய்வியா கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள்.

“அப்ப சொல்லியிருப்பேன் அண்ணே. நெல்லி அப்ப வயித்துக்குள்ள இருந்தா. இப்ப அவளே நாலு பிள்ளைக்குத் தாய். படகேறி வந்து முன் வரிசையில உக்காருவா. அவ மூஞ்சியைப் பாத்து, நீதாண்டி நான் பண்ணின பாவம்னு சொல்லச் சொல்றீங்களா? கர்த்தர்கிட்ட நான் அந்த வருஷமே சொல்லியாச்சு. அவரு கேட்டுக்கிட்டாரு. இன்னும் கேக்கணும்னு நிக்கிறது நீங்கதான்.”

அன்று தீர்மானம் ஆகவில்லை. இரண்டு மூப்பர்கள் இப்படி, இரண்டு பேர் அப்படி, கல்சோங் யோசிக்க வேண்டும் என்றார். அடுத்த திருவிருந்து வந்தது. கல்தாவ் இந்தமுறையும் வேண்டாம் என்று சொல்லியனுப்பினார். மழைக்காலத்தில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஒரு விடியற்காலையில், லெய்வியா தலையைத் தாங்கிப் பிடித்திருக்கும்போதே அவர் மூச்சு நின்றது.

குளிப்பாட்டும்போது உடலைப் பிடிக்க ஆள் தேவைப்பட்டது. கல்சோங் வந்தார். அவர் தோளைப் பிடித்துப் புரட்ட, லெய்வியா முதுகில் தண்ணீர் ஊற்றினாள். கல்சோங் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றரை வருஷம் படுக்கையில் கிடந்த மனிதரின் முதுகு.

“ஒரு புண்ணுகூட இல்லையே” என்றார்.

“கையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்கண்ணே” என்றாள் அவள்.

வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையும் போட்டு, பாய்களில் சுற்றி, மழை விட்ட இடைவெளியில் அடக்கம் செய்தார்கள். இளைய மகனால் மட்டும் வர முடிந்தது. கல்லறை அருகே யாரோ தாழ்ந்த குரலில், “பெரிய மூப்பர், திருவிருந்து இல்லாமலே போயிட்டாரே” என்றது லெய்வியாவின் காதில் விழுந்தது. அது அவளை விடவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை. சாவுக்கு வந்தவர்கள் கலையத் தொடங்கியதும் நேராகப் போதகர் வீட்டுக்குப் போனாள்.

“நான் சொல்லிடறேன் பாஸ்டர். நெல்லிகிட்ட முன்னாடியே பேசிக்கறேன். என்னால ஒரு மனுஷன் பட்டினியா போனாரு.”

போதகர் அவளை உட்காரச் சொன்னார். “அவரு உன்னால போகலம்மா. உனக்காகப் போனாரு. ரெண்டும் ஒண்ணில்ல.” பிறகு, “ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறு. கல்சோங் ஐயா நேத்து மூப்பர் எல்லாரையும் கூட்டினாரு” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நெல்லி பிள்ளைகளோடு வந்திருந்தாள். மேசைத் துணியைத் தூக்கும் முன்பு கல்சோங் முன்னால் வந்து நின்றார். எழுதி வைத்திருந்ததை வாசிக்க முயன்றார். கண்ணாடி மங்கியதால் மடித்துப் பையில் போட்டுவிட்டு வாயால் சொன்னார்.

“நம்ம சகோதரி ஒருத்தி மனந்திரும்பி மூப்பர் சபைகிட்ட வந்தா. சபை காது கொடுக்கல. இத்தனை வருஷம் அவளை வெளிய நிக்க வச்சோம். தப்பு சபையோடது. லெய்வியா, சபை உங்கிட்ட மன்னிப்புக் கேக்குது.”

யாரும் திரும்பிப் பார்க்கத் துணியவில்லை. லெய்மெலா மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் முன் வரிசையிலிருந்து எழுந்தாள். அத்தனை பேருக்கும் நடுவில் நடந்து போய்க் கடைசி பெஞ்சில் நாத்தனாரின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நெல்லியும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பின்னால் போனாள். துணியைத் தூக்கினார்கள். லெய்வியாவின் கால்கள் பழக்கத்தில் எழப் பார்த்தன. மதினி அவள் முழங்காலில் கை வைத்து அழுத்திக்கொண்டாள்.

தட்டு வரிசை வரிசையாகப் பின்னால் வந்தது. அவள் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டாள். இந்த நாள் வந்தால் கதறி அழுதுவிடுவோம் என்று எவ்வளவோ நாள் நினைத்திருந்தாள். அழுகை வரவில்லை. மாமா இதைப் பார்க்கவில்லையே என்ற ஒரு எண்ணம்தான் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. அதையும் சேர்த்து விழுங்கினாள்.

வெளியே வந்ததும் லெய்மெலா சொன்னாள்: “ரொம்பப் பூரிச்சுப் போகாதடி. இனிமே கடைசிப் பாட்டு வரைக்கும் நீயும் உள்ளயே உக்காந்து வேகணும். மரத்தடிக் காத்தெல்லாம் போச்சு.”

மாதர் சங்கத்தில் அவள் பெயரை எழுதிக்கொண்டார்கள். இரண்டு வருஷம் கழித்து மூப்பர் தேர்தலில் ஊரே அவள் பெயரைச் சொன்னது. கேட்க வந்த கல்சோங்குக்கு அவள் பாய் விரித்துப் போட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்து, வேண்டாம் என்றாள்.

“ஏம்மா? உனக்கில்லாத தகுதியா?”

“விசாரிக்கிற வேலை எனக்கு வேண்டாம் அண்ணே. குளிப்பாட்டுற வேலை இருக்கு, அது போதும்.”

அவர் இளநீரைக் குடித்து முடிக்கும்வரை கூட அவள் உட்காரவில்லை. மேட்டுத் தெருவில் இடுப்பு ஒடிந்து கிடந்த ஒருத்திக்கு வெந்நீர் வைக்கும் நேரமாகிவிட்டது என்று வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.