வயலினோடு ஓர் இறுதியாட்டம்

ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்கிறவளுக்கு விடுமுறை என்றால் வாயைத் திறக்காமல் இருப்பதுதான். எந்த வண்டி எந்த நடைமேடை, எது தாமதம் என்று வருஷம் முழுக்க ஒலிபெருக்கியில் சொல்லிச் சொல்லி அவளுக்குத் தன் குரலே சலித்துப்போயிருந்தது. ஆண்டிறுதி லீவு விட்டதும் தலையணை கனத்தில் ஒரு நாவலை எடுத்துக்கொண்டு சோபா ஓரத்தில் காலை மடக்கி உட்கார்ந்துவிட்டாள்.

அவள் கணவனுக்கு கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலை. லீவு அவனுக்குக் கால்பந்துக்காகவே விடப்பட்டது. டி.வி.யில் எதிரணி ஆள் பந்தோடு பாய்ந்து வந்தால், இவன் வலது கால் தரையில் இல்லாத பிரேக்கை ஓங்கி மிதிக்கும்.

இந்த நல்ல ஏற்பாட்டில் மண்ணைப் போட வந்து இறங்கினார் நாத்தனார். கல்லூரி நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் ‘உஷ்’. ஒரு கையில் ரேடியோ, இன்னொரு கையில் புத்தகப் பை.

“டி.வி. பாத்தா மூளையில பாசி பிடிச்சிடும்டா. சாயங்காலம் ரேடியோல நல்ல சங்கீதம் வைக்கிறான். அதக் கேளுங்க” என்றார், செருப்பைக் கழற்றும்போதே.

ஐம்பது வயதைத் தொட்ட தம்பி மறுபேச்சில்லாமல் டி.வி.யின் சத்தத்தை அணைத்தான். படத்தை மட்டும் விட்டுவைக்கச் சொல்லிக் கெஞ்சி வாங்கினான். அன்றிலிருந்து அந்த வீட்டில் கண்ணுக்குக் கால்பந்து, காதுக்கு சாஸ்திரீய சங்கீதம்.

அது ஒன்றும் மோசமாக இல்லை என்று அவளுக்கு முதல் நாளே தெரிந்துபோயிற்று. முழங்காலைப் பிடித்துக்கொண்டு புல்லில் புரண்ட ஒருவனுக்காக வயலின் உருகி உருகி அழுதது. அவனோ வாசிப்பு முடிவதற்குள் எழுந்து ஓடிவிட்டான். நாவலுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு அவள் குலுங்கினாள்.

அப்போதுதான் நாத்தனாரைக் கவனித்தாள். மடியில் புத்தகம் விரிந்திருந்தது. பக்கம் மட்டும் புரளவில்லை. மூக்குக்கண்ணாடிக்கு மேலே கண்கள் பந்து போன திசையிலெல்லாம் போய்வந்தன.

அவளுக்குக் குறும்பு தலைக்கேறியது. நாத்தனார் குளிக்கப் போன நேரம் பார்த்து, அவர் புத்தகத்தில் பக்க அடையாளத்துக்காகச் செருகியிருந்த அட்டையை நூறு பக்கம் தள்ளி வைத்தாள். அவள் ஏற்கெனவே படித்த கதை அது. மாலையில் நாத்தனார் அட்டை இருந்த இடத்தில் புத்தகத்தைத் திறந்தார், ஆட்டம் முடியும்வரை அதே பக்கத்தில் விரலை வைத்திருந்தார்.

“கதை எப்படிப் போகுதுக்கா?”

“பிரமாதம்.”

“அந்த டாக்டர் இப்ப எப்படி இருக்காரு?”

“அவருக்கென்னம்மா, நல்லா இருக்காரு.”

தாண்டிவந்த பக்கங்களில் டாக்டரைப் புதைத்து அவர் பெண்டாட்டி மறுமணமும் செய்துகொண்டிருந்தாள். அவள் தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து, சமையலறையில் நின்று ஆசைதீரச் சிரித்தாள்.

இறுதியாட்டத்தன்று ஒரு விபத்து. கணவன் நாற்காலியில் கழற்றி வைத்திருந்த மூக்குக்கண்ணாடி மேல் நாத்தனார் கவனிக்காமல் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடி நாலு துண்டு. ஆட்டமோ தொடங்கிவிட்டது.

“எனக்குப் பச்சையா ஒரு கலங்கல்தான் தெரியுது” என்று அவன் பதறினான். “ஏய், யாரு பந்து வச்சிருக்கான்னு சொல்லேன். உனக்குப் புண்ணியமாப் போகும்.”

அவள் நாத்தனாரை ஓரக்கண்ணால் பார்த்தாள். வாய் திறப்பதில்லை என்ற விரதத்தை முடித்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, வேலைக் குரலை எடுத்தாள்.

“ரசிகர்களின் கவனத்திற்கு. இடது ஓரமாகப் புறப்பட்ட பதினோராம் எண் ஆட்டக்காரர், எதிரணியின் இடையூறு காரணமாகச் சற்றுத் தாமதமாக கோலை வந்தடைவார். தற்போது கோல்கீப்பர் பந்தைக் காலால் தடுத்து—”

“அவன் கோல்கீப்பர் இல்லம்மா, டிஃபென்டர்” என்றது புத்தகத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

“மன்னிக்கவும். டிஃபென்டர் கோல் போட்டுவிட்டார்.”

“எங்க போட்டான்? கம்பியில பட்டு வெளிய போச்சு!” புத்தகம் தரையில் விழுந்தது. “டேய், அது ஆஃப்சைடு! ரெஃப்ரிக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?”

வயலின் மட்டும் தன் பாட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. கணவன் அக்கா இருந்த திசையை உத்தேசமாகப் பார்த்தான்.

“அக்கா, நீயா?”

நாத்தனாரின் முகம் சிவந்தது. “லைப்ரரிக்கு வர்ற பேப்பர்ல விளையாட்டுப் பக்கத்தத்தான் முதல்ல படிப்பேன். என்கிட்ட வர்ற ஒவ்வொருத்தரும் புத்தகத்தப் பத்தியே கேட்டா, நான் யார்கிட்டடா மேட்சப் பத்திப் பேசறது?”

அவளுக்குச் சட்டென்று சிரிப்பு நின்றது. அவளைத் தெருவில் பார்க்கிறவர்களும் வண்டி எத்தனை மணிக்கு என்றுதான் கேட்கிறார்கள். எழுந்து போய் டி.வி.யின் சத்தத்தைக் கூட்டினாள்.

ஆட்டம் சமனாகி பெனால்டிக்குப் போயிற்று. முதல் உதைக்கு முன்பே நாத்தனார் கையைத் தூக்கினார்.

“அந்த டி.வி. சத்தத்தக் குறைம்மா. இதுக்கு வயலின்தான் சரி.”

மூன்று பேரும் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நாத்தனார் நுணுக்கம் சொல்ல, அவள் அறிவிக்க, கணவன் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தான். கடைசி உதை வானத்துக்குப் போனது. அவர்கள் அணி தோற்றது.

வீட்டுக்குள் இருக்கப் பிடிக்காமல் கொஞ்ச தூரம் நடந்துவரக் கிளம்பினார்கள். கண்ணாடி இல்லாத கணவன் நடுவில், இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பக்கம். தெரு ஓரத்தில் ஒரு காலி பிளாஸ்டிக் பாட்டில் கிடந்தது. நாத்தனார் முன்னும் பின்னும் பார்த்தார். தெரிந்தவர்கள் யாருமில்லை. புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து ஓர் உதை விட்டார். அது உருண்டு அவள் காலடிக்கு வந்தது. அவள் திருப்பி உதைத்தாள்.

“என்ன சத்தம் அது?” என்றான் கணவன்.

“ஒண்ணுமில்லடா. நீ நேரா நட” என்று சொல்லிவிட்டு, நாத்தனார் பாட்டிலை நோக்கி ஓடினார்.