வெண்புள்ளி முகத்துக்கு ஒரு படம்

போன வருடம் ஆடி அமாவாசையன்று, என் வீட்டுக்காரருக்குத் திதி கொடுக்க, திருவாடானைப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு இராமேஸ்வரம் போயிருந்தோம். திதி முடிந்து பிள்ளைகள் கோயிலுக்குள் தீர்த்தமாடப் போனார்கள். முழங்கால் வலி, நான் கடற்கரையிலேயே பைகளோடு உட்கார்ந்துவிட்டேன்.

என் முகத்தில் பாதிக்கு வெண்புள்ளி. கல்யாணமாகிச் சில வருடத்தில் வந்தது. நிலபுலனோடு வாழ்ந்த குடும்பம், யாரும் நேராக ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் விசேஷ வீட்டில் போட்டோ எடுக்கிற நேரம் பார்த்து, நகைப்பெட்டிச் சாவியைக் கையில் கொடுத்து என்னை அறைக்குள் இருக்கச் சொல்லிவிடுவார்கள். ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்டு நிற்கிற ஆளும் நான் இல்லை. மகன் கல்யாண ஆல்பத்தில்கூட நான் கிடையாது. அடுத்த மாதம், ஆவணியில் பேத்தி கல்யாணம். அதிலும் இப்படித்தானே என்று மனசு அடித்துக்கொண்டது.

பக்கத்தில் ஒரு திருநங்கை சங்கு மாலை விற்றுக்கொண்டிருந்தாள். கேமராவோடு வந்த ஓர் இளம்பெண், ஈர மணலில் அவளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தது. வெகுநேரம் பேச்சுதான். பிறகு படம் எடுத்து அவளிடமே காட்டி, "புடிக்கலைன்னா அழிச்சிர்றேன்க்கா" என்றது.

"ஏத்தா, மகராணி கணக்கா இருக்கேன். அழிச்சே, கேமராவக் கடல்ல போட்ருவேன்" என்றாள் மாலைக்காரி.

கேமராவை வாங்கி எனக்கும் படத்தைக் காட்டினாள். நிமிர்ந்த கழுத்து, நேரான பார்வை. அப்படித்தான் இருந்தாள்.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பியதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

"என்னையவே எடுத்துருச்சு, ஒனக்கென்ன அப்பத்தா? முக்காட்ட எடு" என்று அதட்டினாள் மாலைக்காரி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானை தானாக நழுவியது.

அந்தப் பெண் எடுத்துக் காட்டிய படத்தைப் பார்த்தேன். உப்புப் பாத்தி காய்ந்து வெளுத்து வருவதுபோல, கறுப்பும் வெள்ளையுமாக என் முகம். அழகாகவே இருந்தது.

"இருக்கட்டும்த்தா, அழிக்க வேணாம்" என்றேன்.

ஆவணியில் மருமகள் சாவியை நீட்டியபோது, "நீயே இடுப்புல சொருகிக்க. நான் எம்பேத்தி பக்கத்துல நிக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு மேடை ஏறினேன். பேத்தி என் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

இப்போது அவள் வாங்கித் தந்த போனில் நானும் படம் எடுக்கிறேன். எந்த வீட்டு விசேஷமானாலும் ஓரமாக ஒதுங்கி நிற்பவர்களிடம்தான் முதலில் போவேன். உட்கார்ந்து பேசி, எடுத்து, அவர்களிடமே காட்டுவேன். தங்கள் முகத்தைப் பார்த்து அவர்கள் நிமிர்ந்து உட்காரும்போதெல்லாம், ஊர் பேர்கூடக் கேட்டு வைக்காத அந்த இரண்டு பேருக்கும் என் நன்றி போய்ச் சேர்கிறது என்றே நினைத்துக்கொள்கிறேன்.