அன்புசெல்வி லினக்ஸில் பாடிய அம்மன் பாட்டு

அன்புசெல்விக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான். அரியாங்குப்பத்தைத் தாண்டி உள்ளே தள்ளி இருக்கும் அவள் ஊரில், திரௌபதியம்மன் தீமிதி அன்று, அவளே எழுதி மெட்டமைத்த பாட்டு புனல் ஸ்பீக்கரில் ஊருக்கே கேட்க வேண்டும். தவளக்குப்பத்தில் கல்யாணப் பத்திரிகை டைப் அடிக்கும் பெண்ணுக்கு இது பேராசை என்று மாமியார் நினைத்தாள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

இரண்டாயிரத்து ஆறில் பக்கத்து வீட்டுக்காரரான தர்மகர்த்தா ஜானகிராமன் ஒருவழியாகச் சம்மதித்தார். சம்மதித்த நேரம்தான் சரியில்லை. அதற்குள் காப்புக் கட்டியாகிவிட்டது. காப்புக் கட்டிவிட்டால் தீமிதி முடியும்வரை ஊரில் மீன், கறி என்று எந்தக் கவுச்சியும் கூடாது, யாரும் வெளியூரில் ராத் தங்கவும் கூடாது. சென்னை ஸ்டூடியோ கனவு மண்ணாகப் போனது. மிச்சம் இருந்தது வீட்டுக் கம்ப்யூட்டர்.

அதிலும் கொழுந்தன் வெற்றிவேல் கைவரிசையைக் காட்டியிருந்தான். என்ஜினியரிங் படிக்கிற திமிர். வைரஸ் தின்ற விண்டோஸை வழித்தெறிந்துவிட்டு லினக்ஸ் போட்டிருந்தான்.

"இதுல எல்லாமே ஃப்ரீ அண்ணி. பாட்டு பண்ற சாஃப்ட்வேரே இருபது இருக்குது."

இருபதும் இருந்தது உண்மைதான். ஒன்று திறக்கவே மாட்டேன் என்றது. ஒன்று திறந்துகொண்டு, சவுண்ட் கார்டா, அது யார் என்று கேட்டது. இன்னொன்றில் மியூசிக் கீபோர்டுக் கட்டையை அழுத்திவிட்டு, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் சத்தம் வந்தது. மற்றவற்றை எழுப்ப, கறுப்புத் திரையில் என்னவோ மந்திரம் டைப் அடிக்க வேண்டுமாம்.

"ஃப்ரீன்னியே தம்பி, என் உசுர வாங்கிக்கிட்டு இல்ல குடுக்குறாங்க!" என்று கத்தினாள்.

ஐந்து நாள் போனது. கடைசியில் உருப்படியாக ஓடியது ஒரு சாதாரண ரெக்கார்டர். ஜன்னலோரம் மைக்கை வைத்து, கீபோர்டை வாசித்துக்கொண்டே ஒரே மூச்சில் பாடி முடித்தாள். பின்னால் லேசாக ஏதோ பேச்சுக்குரல் கேட்டது. அதை வெட்டப் போனால் சாஃப்ட்வேரே செத்து விழுந்தது. தொலையட்டும் என்று விட்டுவிட்டாள். அமுங்கிய சத்தத்தைத் தூக்கிக் காட்டும் பொத்தான் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டது. சந்தோஷத்தில் அதை மூன்று முறை அழுத்தினாள். அவளிடம் இருந்த குட்டி ஸ்பீக்கரில் எல்லாமே கீச்சுக்குரல்தான், வித்தியாசம் தெரியவில்லை.

தீமிதி அன்று சாயங்காலம், குழியில் நெருப்பு தகதகக்க, புனல் ஸ்பீக்கரில் அவள் குரல் கிளம்பியது. அன்புசெல்விக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் சரணம் முடிந்து, கீபோர்டு மெல்ல இழைந்த இடத்தில் வேறொரு குரல் கணீரென்று வந்தது.

"மெதுவா கூவுடி! தர்மகர்த்தா வூட்ல மீன் வாங்குறது ஊருக்கே தெரியணுமா? கொல்லப்பக்கமா வா. சங்கரா ரெண்டு கூறு போடு."

மஞ்சள் புடவையில், குழிக்கு முன்னால் கைகூப்பி நின்றிருந்த ஜானகிராமனின் மனைவி சின்னப்பாப்பா பக்கம் மொத்த ஊரும் திரும்பியது. ஜானகிராமன் வானத்தைப் பார்த்தார். மைக் செட்காரர் நிறுத்தியிருக்கலாம். அவர் சிரிப்பை அடக்கவே கை போதவில்லை. பாட்டு கடைசி வரி வரைக்கும் ஓடியது. யார் மானம் போனாலும் அன்புசெல்வி அந்தக் கடைசி வரியைக் காது குளிரக் கேட்டாள்.

அடுத்த வருடம் காப்புக் கட்ட ஒரு மாதம் இருக்கும்போதே, ஜானகிராமன் தன் காரிலேயே அவளைச் சென்னை ஸ்டூடியோவுக்கு அனுப்பிவைத்தார். பாட்டு பளிச்சென்று வந்தது. தீமிதியில் அது முடிந்ததும் கூட்டத்தில் ஒரு கிழவர் எழுந்தார்.

"இது இருக்கட்டும்மா. அந்தச் சங்கரா பாட்டப் போடு!"

அன்புசெல்வி அதையும் கொண்டுவந்திருந்தாள்.