ஆறாம் நம்பர் பஸ்ஸும் கறுப்புத் திரையும்

மேகத்தில் இருக்கிற சர்வர்களைக் கறுப்புத் திரையில் கட்டளை தட்டி மேய்க்கும் தொழிலுக்கு எல்லாரும் படித்துவிட்டு வருவார்கள். என்னைத் தள்ளிவிட்டவன் தயாளன்.

பெயரை முதலிலேயே எழுதிவிட்டேன். அப்புறம் மற்றது. மெர்லிமாவ்வில் எங்கள் பஸ் கம்பெனி. சுங்கை ரம்பாய் வரைக்கும் போய் தோட்டத்திலும் கம்போங் என்கிற மலாய்க் கிராமங்களிலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு குருபோங் தொழிற்சாலைகளில் இறக்குவது வேலை. தயாளன் எங்கள் முதலாளியின் மருமகன். நான் மாணிக்கம், ஆறாம் நம்பர் பஸ்ஸின் டிரைவர். ‘டிரைவராக இருந்தவர்’ என்று போடச் சொல்கிறார்கள். போட மாட்டேன்.

உங்களில் யாரெல்லாம் ஒரு சின்னக் கோடு விட்டுப்போனதற்காகக் கறுப்புத் திரையிடம் சிவப்பு எழுத்தில் திட்டு வாங்கியிருக்கிறீர்களோ, நீங்கள் எல்லாம் என் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இது.

சாவி போன கதை

மெர்லிமாவ்வில் ஆட்கள் ஏறும் இடத்தைத் தொழிற்சாலைக்காரர்கள் மாற்றிவிட்டார்கள். தயாளனிடம் சொன்னார்கள். அவன் என்னிடம் சொல்ல மறந்துவிட்டான். நான் பழைய இடத்தில் போய் நின்றேன், வந்தவர்களை ஏற்றினேன், கிளம்பினேன். புது இடத்தில் நின்றவர்கள் அப்படியே நின்றார்கள்.

தொழிற்சாலை அம்மா போன் போட்டபோது நான் கட்டி வாங்கிய தேத்தண்ணிப் பாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு தயாளன் பக்கத்திலேயே நிற்கிறேன். “டிரைவருக்கு வயசாயிடுச்சு மேடம், மறந்துட்டாரு” என்கிறான், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே! போனை வைத்துவிட்டு என் முன்னால் கையை நீட்டினான். சாவியைக் கொடுத்தேன். சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். ஆறாம் நம்பரை உபரி வண்டி என்று யார்டு ஓரத்தில் நிறுத்தினார்கள். என்னை ஆபீஸில், சரியாக அந்த வண்டி தெரிகிற ஜன்னலோரம் உட்காரவைத்தார்கள். புதுசாகக் கம்ப்யூட்டர் சிஸ்டம் வருகிறதாம், அதைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. வாயைத் திறக்கப் போனேன், அதற்குள் தயாளன் சொன்னான்:

“கோவிச்சுக்காதீங்கண்ணே. இந்த சிஸ்டம் தானா ஓடற அன்னிக்கு சாவி உங்க கையில. சாமி சத்தியமாலா!”

கம்ப்யூட்டருக்கும் பெரட்டு உண்டு

சிஸ்டத்தை எழுதியவள் ஷர்மிளா. வீடு குருபோங்கில். நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்ததால், யார்டில் இருந்து பார்த்துக்கொள்ள அவளுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. சர்வரை மேய்க்கப் படம் போட்ட பக்கமும் உண்டு, அது எங்கள் யார்டு இண்டர்நெட்டில் திறப்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும். திறந்தாலும் நேற்று இங்கே இருந்த பொத்தான் இன்று அங்கே இருக்கும். கறுப்புத் திரையில் அந்தச் சேட்டை கிடையாது. ஒரு வரி, ஒரு வேலை. இங்கிலீஷும் கொஞ்சம் போதும், அதே வார்த்தைகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

ஒவ்வொரு டிரைவருக்கும் எந்த வழி, எங்கே நிற்கணும் என்று போனில் செய்தி அனுப்புகிற வேலைக்கு ஃபங்ஷன் என்று ஒரு குட்டி புரோகிராம் எழுதியிருந்தாள். ‘சர்வர் இல்லாத ஃபங்ஷன்’ என்றாள். “சர்வர் இல்லாம அது எங்கம்மா ஓடும்?” என்று கேட்டேன். “சர்வர் இருக்கு அங்கிள். ஆனா நமக்காக நாள் பூரா உட்கார்ந்திருக்காது. நீங்க கூப்பிட்டா வரும், வேலையச் செய்யும், போயிடும்” என்றாள். அட, இது பெரட்டு! தோட்டத்தில் காலையில் எல்லாரையும் நிற்கவைத்து மண்டோர், அதாவது மேஸ்திரி, பெயர் கூப்பிடுவார். பெயர் வந்தவன் வேலைக்குப் போவான், மற்றவன் வீட்டுக்குப் போவான். இதை இங்கிலீஷில் சொன்னால் புது டெக்னாலஜியா?

கூப்பிட்டேன். முதல் தடவை கொஞ்சம் தாமதமாகத்தான் எழுந்தது, தூக்கக் கலக்கம். அப்புறம் திரையில் விழுந்தது பாருங்கள் பதில்: இருநூறு! வேலை முடிந்தது என்றால் அந்த எண்தான் வருமாம். நான் போட்ட கூச்சலில் மெக்கானிக் மணி தீயணைக்கும் உருளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டான். தீ இல்லை, இருநூறு வந்திருக்கிறது என்றேன். உருளையைக் கீழே வைத்துவிட்டு, நாலு நம்பர் லாட்டரிக் கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தபடி கேட்டான்:

“மூணு நம்பருதானேண்ணே இருக்கு, முன்னுக்கு எத போட்டு வாங்கறது?”

மத்தியானம் வந்த விடியற்காலை

விடியற்காலை நாலரைக்கு டிரைவர்களை எழுப்புகிற வேலையையும் ஃபங்ஷனிடம் ஒப்படைத்தோம். நேரத்தைக் கட்டளையில் நான்தான் தட்டினேன். மறுநாள் விடிந்தது, ஒருவருக்கும் செய்தி இல்லை. தயாளன் போனைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக எழுப்பினான், என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.

மத்தியானம் பன்னிரண்டரைக்கு எல்லார் போனிலும் ஒரே நேரத்தில் மணி அடிக்கிறது: ‘எழுந்து வண்டியை எடுக்கவும்.’ மேகத்தில் இருப்பவன் கடிகாரம் நமக்கு எட்டு மணி நேரம் பின்னால் போகிறதாம்! அவனுக்கு அப்போதுதான் நாலரை. மற்ற டிரைவர்கள் சிரித்துவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தார்கள். முனியாண்டி மட்டும் சோற்றைப் பொட்டலம் கட்டிக்கொண்டு, பஸ்ஸை எடுத்து, சுங்கை ரம்பாய் ஸ்டாப்பில் போய் நின்றுவிட்டான். ஷர்மிளா சொல்லித்தர, கட்டளையோடு நம் நாட்டு நேரம் என்று இரண்டு சொல் சேர்த்தேன், சரியாகிவிட்டது. அந்த முனியாண்டிக்குப் போன் போட்டு, ‘ஏன்டா, வெயில் கண்ணுக்குத் தெரியலயா’ என்று கேட்டேன்.

“தெரிஞ்சிச்சுண்ணே. ஆனா நீங்க கூப்பிட்டீங்க, நான் வந்துட்டேன். ஆளுங்கதான் வரலலா.”

வணக்கம் வைத்தால் வம்பு

அதே முனியாண்டிதான். செய்தி கிடைத்தால் ‘1’ என்று தட்டி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். இவன் மரியாதைக்காரன். ‘வணக்கம்ணே, சரிண்ணே’ என்று அனுப்பிவிட்டான். ஃபங்ஷனுக்கு ‘1’ தெரியும், வணக்கம் தெரியாது. ஆள் பதில் சொல்லவில்லை என்று நினைத்து மறுபடியும் செய்தி அனுப்பியது. அவன் மறுபடியும் வணக்கம் வைத்தான். அது மறுபடியும் அனுப்பியது. நான் என் திரையில் இந்தக் கூத்தை வரிவரியாகப் பார்க்கிறேன், சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வருகிறது.

ஷர்மிளா கோபிப்பாள் என்று நினைத்தேன். அவள் உடனே ஃபங்ஷனுக்கு வணக்கமும் புரிகிற மாதிரி மாற்றி அனுப்பினாள், நான் ஒரே வரியில் மேலே ஏற்றினேன். அதற்குள் முனியாண்டி ஆபீஸுக்கே வந்துவிட்டான், முகம் வாடியிருந்தது.

“அண்ணே, அந்த சிஸ்டத்துக்கு என் மேல என்ன கோவம்? இத்தன வாட்டி வணக்கம் வெச்சும் மூஞ்சத் திருப்பிக்குது.”

காலி அடைப்புக்குறி

எங்கள் முதலாளியை யார்டில் தவுக்கே என்போம். ராகு காலத்தில் சிஸ்டத்தில் எதையும் மாற்றக் கூடாது என்பது அவர் சட்டம். வெள்ளிக்கிழமை தயாளன் எனக்கு ஒரு புது லேப்டாப் கொண்டுவந்து வைத்தான். திறந்து, நம் ஃபங்ஷன்கள் எல்லாம் சுகமா என்று பட்டியல் கேட்டேன். வந்தது என்ன தெரியுமா? ஒரு அடைப்புக்குறி திறந்து, ஒரு அடைப்புக்குறி மூடி, நடுவில் ஒன்றும் இல்லை. உள்ளே ஆளே இல்லாத பஸ் மாதிரி! நீங்களும் பார்த்திருப்பீர்கள் அந்தக் காலி அடைப்புக்குறியை. ஜன்னல் வழியாக ஆறாம் நம்பரைப் பார்த்தேன். இனி அந்தச் சாவி எனக்கு இல்லை என்றே நினைத்துவிட்டேன்.

தவுக்கே காலண்டரோடு வந்தார். ராகு காலம்தான், பதினொரு மணி. “நான்தான் சொன்னேன்ல!” என்றார். ஷர்மிளா கிளினிக்கில் வரிசையில் உட்கார்ந்திருந்தாள், போனை எடுத்தாள். “அங்கிள், எந்த ஊர்ல தேடுறீங்கன்னு பாருங்க. புது லேப்டாப் எதையும் சொல்லாட்டி அமெரிக்காவுல போய்த் தேடும். நம்ம ஃபங்ஷன் எல்லாம் சிங்கப்பூர்ல இருக்கு.” சிங்கப்பூர் என்று தட்டினேன். வந்தார்கள்! ஒருத்தர் விடாமல், வரிசையாக, பெயர் சொல்லிக்கொண்டு! நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். தவுக்கே காலண்டரைப் பார்த்தார். சர்வர் இருக்கிற ஊருக்குத்தான் ராகு காலம் பார்க்கணுமா, இங்கேயா என்று கேட்டார். காலண்டரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்:

“நம்ம பிள்ளைங்க எல்லாம் சிங்கப்பூருக்குத்தானே வேலைக்குப் போவுது. நீ எதுக்குப்பா அமெரிக்காவுல போய்த் தேடுன?”

தினம் ஒரு தயாளன்

ஷர்மிளா இரண்டு இடம் கட்டித் தந்தாள். ஒன்று நிஜம், பஸ் ஓடுவது அதில். இன்னொன்று சோதனைக்கு. அதில் எதை வேண்டுமானாலும் உடைக்கலாம், சாயங்காலம் அழித்துவிட்டு மறுநாள் புதுசாகக் கட்டலாம். பெயர் வைக்கும் உரிமையை எனக்குக் கொடுத்தாள். நிஜத்துக்கு ‘ஆறு’ என்று வைத்தேன். சோதனைக்கு ‘தயாளன்’.

அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வேன்! தினமும் வீட்டுக்குப் போகும்முன் அழிக்கும் கட்டளையைத் தட்டுவேன். அது மரியாதையாகக் கேட்கும்: ‘தயாளனை உண்மையாகவே அழிக்கவா?’ ஆமாம் என்பேன். ஒவ்வொன்றாகக் கழன்று விழும். கடைசி வரி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பேன். ஒருநாள் திரும்பினால் பின்னால் அவனே நிற்கிறான். எவ்வளவு நேரமாக நின்றானோ. பெயர் இங்கிலீஷ் எழுத்தில் பெரிசாகத்தான் இருந்தது. சண்டைக்குத் தயாரானேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டான்:

“அழிக்கறது சரிண்ணே. காலையில வந்து திரும்ப எதுக்கு என்னைய எழுப்புறீங்க?”

மழை நாள்

இனிமேல்தான் விஷயம். மத்தியான ஷிப்ட் மாறும் நேரத்தில் அப்படி ஒரு மழை. சுங்கை ரம்பாய் சாலையில் தண்ணீர் ஏறிவிட்டது. ஷர்மிளாவுக்கு அன்று காலையில்தான் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, அவளைக் கூப்பிட முடியாது. தயாளன் இரண்டு கையிலும் இரண்டு போன். ஒன்றிலும் லைன் கிடைக்கவில்லை. “அண்ணே, போச்சுண்ணே, எல்லாம் போச்சு!” என்கிறான்.

“போன கீழ வெய்யி, பேச லைன் இல்லாட்டியும் செய்தி போவும்” என்றேன். அவனிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. எந்தச் சாலையை விட்டு எந்தச் சாலையில் திரும்பணும், ஆட்கள் எங்கே மேட்டில் நிற்பார்கள் என்று புது வழியைத் தட்டினேன். நேரே ‘ஆறு’க்கு அனுப்பவில்லை. முதலில் ‘தயாளன்’ மேல் ஏற்றிப் பார்த்தேன், தண்ணீரில் முதலில் இறங்க வேண்டியவன் அவன்தானே. இருநூறு! அப்புறம் ‘ஆறு’. கூப்பிட்டேன். ஒன்று. ஒன்று. இன்னொரு ஒன்று. மூலைக்கு மூலை நிற்கிற டிரைவர்கள் எல்லாரும் என் திரையில் ‘வந்தேன்’ என்று குரல் கொடுக்கிற மாதிரி வரிகள் விழுகின்றன! கடைசியாக முனியாண்டி: ‘வணக்கம்ணே.’ அதையும் சிஸ்டம் வாங்கிக்கொண்டது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த மணி கைதட்டினான்.

எல்லா வண்டியும் குருபோங் போய்ச் சேர்ந்துவிட்டது. தொழிற்சாலை அம்மா போன் போட்டார், அதே அம்மாதான். தயாளன் ஸ்பீக்கரில் போட்டான். இந்த மழையில் மற்ற கம்பெனி பஸ் ஒன்றும் வரவில்லை, உங்கள் ஆள் யார் இதைச் செய்தது என்று கேட்டார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ‘அன்றைக்கு மறந்துவிட்டார் என்றேனே, அந்த மாணிக்கம்தான்’ என்று சொல்ல ஒரு வாய் போதும். தயாளன் சொன்னான்: “எங்க சிஸ்டம் மேடம். அது தானா ஓடும்!”

தானா ஓடும்! அவன் வாயாலேயே! என் பெயரைச் சொல்லாத கோபம்கூட அந்த நொடி எனக்கு வரவில்லை. சாட்சிக்கு மணி இருக்கிறான், ஸ்பீக்கரில் மேடம் இருக்கிறார். போன் வைக்கும்வரை பொறுத்தேன். எழுந்தேன். அன்றைக்கு அவன் என் முன்னால் நீட்டிய மாதிரியே நான் அவன் முன்னால் கையை நீட்டினேன். ஜன்னலுக்கு வெளியே ஆறாம் நம்பர் மழையில் குளித்துப் பளபளவென்று நிற்கிறது. தயாளன் சட்டைப்பையைத் தொட்டான். உள்ளே சாவி சத்தம் கேட்டது. தொட்ட கையை அப்படியே எடுத்துவிட்டான்.

“அது மேடத்துக்குச் சொன்னதுண்ணே. தானா எங்க ஓடுது? நீங்கதானே ஓட்டுறீங்க! நீங்க பஸ்ஸுக்குப் போயிட்டா, அப்புறம் இத யாருலா ஓட்டறது?”

ஆக, சொந்தக்காரர்களே, சிங்கப்பூரில் இருக்கிற சர்வர் நான் ஒரு வரி தட்டினால் எழுந்து வந்து வணக்கம் வைக்கிறது, இரண்டு முழம் தள்ளி தயாளன் பையில் இருக்கிற என் சாவி மட்டும் எத்தனை கூப்பிட்டும் இன்னும் வந்தபாடில்லை.