இடப்பக்க மாடக்குழி

சத்தத்தில் எனக்கு அப்போது ஒரு கிறுக்கு. தொண்ணூறுகளின் நடுவில், விக்கிரமசிங்கபுரத்து எங்கள் வீட்டில் டிவியும் டேப்பும் ஆம்ப்ளிஃபயரும் வந்துவிட்டன. ஸ்பீக்கர் பெட்டி வைக்க மட்டும் இடமில்லை. முன்னறைச் சுவரில் டிவிக்கு இருபுறமும் விளக்கு வைக்கும் மாடக்குழிகள் இருந்தன. அவற்றுக்குள் ஸ்பீக்கரை இறக்கி, முன்னால் பலகை அடித்துவிட முடிவு செய்தேன். வேறெவனுக்கும் வராத யோசனை என்று கர்வம் வேறு.

அதற்கு மூன்று வருடங்களுக்கு முன் தங்கை காய்ச்சலில் செத்தபோது, இடப்பக்கக் குழியில்தான் பதினாறு நாள் விளக்கு எரிந்தது. அம்மா தடுப்பாள் என்று பயந்தேன். அவளோ, "இந்தப் பக்கத்தக் கடைசியா அடைலே" என்று மட்டும் சொன்னாள். பலகை அடிப்பதற்கு முன் கொஞ்ச நேரம் குழியருகே நின்றாள். பழைய விளக்கை எடுக்கிறாள் என்று நினைத்தேன்.

வலப்பக்கம் அருமையாகப் பாடியது. இடப்பக்கத்தில் தவிலடி விழும்போதெல்லாம் கூடவே ஒரு மெல்லிய கிணுகிணுப்பு. திருகாணிகளை முறுக்கினேன், வயரை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. அம்மாவோ தினமும் சாயங்காலம் அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "நாயனக் கேசட்டப் போடுலே" என்பாள். ஓட்டை ஸ்பீக்கரில் கச்சேரி கேட்கிறாயே என்று கேலி செய்வேன். சிரிப்பாள். தங்கை போன பிறகு அவள் சிரித்தது அந்த நேரத்தில் மட்டும்தான்.

ஆம்ப்ளிஃபயர் செய்து கொடுத்த கடைக்காரரிடம் போய்ப் புலம்பினேன்.

"வெறுங்குழி அப்படித்தான் அதிரும் வே. பின்னால பஞ்ச அடைச்சுப் பாரும்" என்றார்.

மில் ஊரில் பஞ்சுக்கா பஞ்சம்? மில்லில் வேலை பார்த்த அப்பா ஒரு பை கழிவுப் பஞ்சு கொண்டுவந்தார்.

அம்மா ஆற்றுக்குக் குளிக்கப் போன நேரம் பலகையைக் கழற்றினேன். குழிக்குள் இருந்த பழைய ஆணியில் தங்கையின் கண்ணாடி வளையல்கள் நான்கு, சிவப்பு நூலில் கோத்துத் தொங்கின. அம்மா அவற்றை அங்கே ஒளித்து வைத்திருக்கிறாள் என்பது மட்டும்தான் என் மரமண்டைக்கு எட்டியது. எடுக்க மனம் வரவில்லை. அதிராதபடி அவற்றைச் சுற்றிப் பஞ்சை அடைத்து மூடினேன். வளையலும் பத்திரம், சத்தமும் சுத்தம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் தவில் கணீரென்று ஒலித்தது. அம்மா சுவரில் காதை வைத்தாள். ஒரு பாட்டு முடியும்வரை அப்படியே இருந்தாள்.

"அவ சத்தம் நின்னுட்டுலே" என்றாள்.

 பலகையைப் பிடுங்கி, பஞ்சைக் கைகொண்ட மட்டும் வாரி வெளியே இழுத்தேன். பஞ்சோடு வளையல்களும் வந்து சிமெண்டுத் தரையில் விழுந்தன. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அம்மா துண்டுகளைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு அடுப்படிக்குப் போனாள். அந்தக் கேசட்டை அவள் பிறகு கேட்கவே இல்லை.

இப்போதும் கோயிலில் தவில் கேட்டால் என் காது அடிகளுக்கு நடுவே அந்தக் கிணுகிணுப்பைத்தான் தேடுகிறது. சத்தம் சுத்தமாகத்தான் இருக்கிறது.