அலர்ஜி கடைசியில் வந்தது

"இணைப்புப் பிரிவின் முதுநிலை அலுவலர். கூட்டு நிறுவனங்களிடையே பரஸ்பர நம்பிக்கையை வளர்ப்பவர். திறந்த மனத்தோடு அனைவரையும் அரவணைத்துச் செல்பவர்."

மருந்துச் சீட்டுகளை மருத்துவமனையிலிருந்து மருந்துக்கடைகளுக்குக் கணினி வழியே கடத்தும், கனடாவின் வின்னிப்பெக் நகரத்து நிறுவனம் ஒன்று, தன் இணையப் பக்கத்தில் லோர்னா பெட்காவைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறது. பக்கத்தில் உள்ள படத்தில் அவர் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை நேரில் கண்டவர் அலுவலகத்தில் யாருமில்லை.

அந்த ஊரின் ஜனவரிக் குளிரில் காரை நிறுத்தினால், இன்ஜின் உறைந்துபோகாமலிருக்க அதைச் சூடேற்றும் வயரைக் கம்பத்திலுள்ள மின் சாக்கெட்டில் மாட்டிவிட்டு உள்ளே போவார்கள். லோர்னாவும் மாட்டுவார், பாதி தூரம் போய்த் திரும்பி வந்து, வயரை இழுத்துப் பார்ப்பார். இதுவரை அதை யாரும் பிடுங்கியதில்லை. அதனால் சந்தேகம் குறைந்ததா என்றால், இத்தனை காலம் பிடுங்காதவர்கள் மனத்தில் என்ன வைத்திருக்கிறார்களோ என்று கூடியதுதான் மிச்சம்.

அப்படிப்பட்ட ஒரு காலையில் கிம்லி ஊர் மருந்துக்கடையிலிருந்து சிக்ரூன் அழைத்தார்.

"லோர்னா, திரையில அலர்ஜி கட்டம் காலியா இருக்கு. எதிர்ல நிக்கிற அம்மா, பென்சிலின் பட்டாலே மூச்சு அடைச்சுக்கும்ங்கிறாங்க. வாயைத் திறந்ததால தப்பிச்சாங்க. திறக்காதவங்க கதி?"

"காலியா இருந்தா 'இல்லை'ன்னு எடுத்துக்காதீங்க. ஒவ்வொருத்தரையும் கேட்டுட்டு மருந்து கொடுங்க. எல்லாக் கடைக்கும் இப்பவே சொல்லிடுறேன்."

சொல்லி முடித்த கையோடு மருத்துவமனையின் இவோன் ஷார்ட்ராண்டைப் பிடித்தார். அலர்ஜித் தகவல் போன வாரம்தான் புதிதாகச் சேர்ந்தது. அதை அனுப்ப வேண்டியவர் இவோன்.

"அனுப்பினேனே."

"அனுப்பினா வந்திருக்கணுமே."

"வந்திருக்கும். நீங்க தொலைச்சிருப்பீங்க."

"எங்க சர்வர் ஒரு பிழைகூடக் காட்டல, இவோன்."

"எங்களதும்தான் காட்டல. அப்ப ரெண்டு பேரும் யோக்கியங்க, போங்க."

பிழையே இல்லை என்றால் லோர்னாவுக்கு மூக்கு வேர்க்கும். "அனுப்பினதை அப்படியே எனக்கு அனுப்பு. திருத்தாம."

"திருத்தி அனுப்ப எனக்கு வேண்டுதலா என்ன?"

வந்ததையும் அவர் நம்பவில்லை. தங்கள் சர்வர் வாசலில் பதிவாகியிருந்த நகலோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். இரண்டும் ஒன்றுதான். இரண்டிலும் கடைசி வரியில் பென்சிலின் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. ஆக, வாசல்வரை வந்தது உள்ளே காணாமல் போயிருக்கிறது. லோர்னாவின் பார்வை எதிர்மேசைக்குப் போனது. வரும் சீட்டுகளை உள்ளே வாங்கும் நிரலை எழுதிய ரோடெல் மக்கராயெக் அங்கே லும்பியா என்ற பிலிப்பைன்ஸ் பொரித்த சுருளைத் தின்றுகொண்டிருந்தார்.

"நீ எதையோ மாத்தியிருக்கே."

"நானா? நிரல்ல அடியில ஒரே ஒரு வரி சேர்த்தேன், அலர்ஜின்னு. 'கடைசியில சேர்த்திருக்கேன், நீயும் கடைசியில போடு'ன்னு இவோன்கிட்ட சொன்னேன். அவ்வளவுதான்."

"கடைசியிலதான் இருக்குன்னு பார்த்தியா?"

"நான் எழுதினதை நானே பார்க்கணுமா? அடுத்து என் லும்பியாவையும் பிரிச்சுச் சோதிப்பீங்களா?"

சோதிக்க வேண்டியது வேறு இடத்தில் இருந்தது. எந்தத் தகவல் எந்த வரிசையில் வர வேண்டும் என்று சொல்லும் ஸ்கீமாவை அந்த அலுவலகத்தில் யாரும் கையால் எழுதுவதில்லை. நிரலை எழுதினால் போதும். அதைப் பார்த்து இயந்திரமே ஸ்கீமாவை எழுதிக்கொள்ளும். நேரம் மிச்சமாகும் வழிதான். இயந்திரம் என்ன எழுதியது என்று வாசிக்கும் நேரமும் அதோடு சேர்ந்து மிச்சமாகிவிட்டது.

லோர்னா வாசித்தார். அலர்ஜி முதலாவதாக நின்றது. வரிசை இதுதான் என்று யாரும் சொல்லாததால், இயந்திரம் ஆங்கில அகரவரிசையில் அடுக்கியிருந்தது. பழைய தகவல்களை மருத்துவமனையும் அதே வரிசையில் அனுப்பிவந்ததால் இதுவரை சிக்கல் வரவில்லை. வரும் செய்தியையும் அதே வரிசையில்தான் படித்தது. முதலில் அலர்ஜியைத் தேடியது, இல்லை. சரி, காலி என்று குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போனது. கடைசியில் அலர்ஜி வந்து நின்றபோது அதற்கான இடம் தாண்டிப் போயிருந்தது. முணுமுணுக்காமல் எறிந்துவிட்டது.

எட்டிப் பார்த்த ரோடெலின் முகம் சுருங்கியது. பிறகு கேட்டார்: "அப்ப யாருமே பொய் சொல்லல. உங்களுக்கு ஏமாற்றமா இருக்குமே?"

"கொஞ்சம்" என்றார் லோர்னா, விசைப்பலகையை இழுத்துக்கொண்டே.

"அலர்ஜியைக் கட்டாயமாவா ஆக்குறீங்க?" அவர் தட்டுவதைத் திரையில் பார்த்து ரோடெல் கேட்டார். "அலர்ஜியே இல்லாத நோயாளிக்கு இவோன் என்ன அனுப்புவான்?"

"'இல்லை'ன்னு எழுதி அனுப்பட்டும். சும்மா இருந்தா நான் நம்ப மாட்டேன்."

லோர்னா பெட்காவ் அன்று செய்தது இது: பழைய தகவல்களுக்கு அவை இருந்த வரிசையிலேயே எண் இட்டார், அலர்ஜிக்குக் கடைசி எண்ணைக் கொடுத்தார், அது இல்லாமல் வரும் சீட்டைச் சர்வர் பிழை காட்டித் திருப்பி அனுப்பும்படி செய்தார், இவோனை மறுபடி அனுப்பச் சொன்னார், கிம்லிக்கு அழைத்து, அந்த அம்மாவின் பெயருக்கு எதிரே என்ன இருக்கிறது என்று சிக்ரூனை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.