அவர் சொன்னதைத்தான் சொன்னேன்

மூன்று வருடத்துக்கு முன் நடந்தது. ஓசூர் மூக்கண்டப்பள்ளிப் பக்கம், வண்டிகளுக்கு ஒயரிங் செய்யும் ஒரு பேக்டரியில் எனக்கு அப்போது ஒன்பது வருட சர்வீஸ். எங்கள் லைனைப் புதுக் கம்பெனி ஒன்று எடுத்து நடத்தப்போகிறது, எல்லாரும் ராஜினாமா கொடுத்துவிட்டு அதில் சேரவேண்டும் என்றார்கள். அதை எடுத்துச் சொல்ல பெங்களூரிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார்.

காலையில் கன்னடம் தெரிந்தவர்களுக்கு கேன்டீனில் கூட்டம். எனக்கு ஊர் பாகலூர், வீட்டில் கன்னடம்தான். தன் அம்மாவும் மில்லில் கூலி வேலை பார்த்தவர் என்றார் அந்த அதிகாரி. நீங்களெல்லாம் என் குடும்பம் என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாரும் கை தட்டினோம். அங்கேயே ராஜினாமா படிவத்தில் கையெழுத்தும் போட்டேன். அதைக் கொடுக்கப்போன நேரத்தில் சூப்பர்வைசர் கூப்பிட்டார். மதியம் திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துப் பெண்களுக்குக் கூட்டமாம். அவர்களுக்குக் கன்னடம் புரியாது, நீ தமிழில் சொல்லு என்றார்.

மதியமும் அதே பேச்சு, அதே அம்மா கதை. ஆனால் இந்தத் தடவை எனக்கு அழ நேரமில்லை. ஒவ்வொரு வரியையும் பிடித்துவைத்துத் திருப்பிச் சொல்லவேண்டும். முன்வரிசையில் இருந்த ஓர் அக்கா எழுந்து, “எங்க பழைய சர்வீஸ் சேருமா?” என்று கேட்டார். அதிகாரி ஐந்து நிமிடம் உருக்கமாகப் பேசினார். நான் வாயைத் திறந்தால் சொல்ல ஒன்றுமே இல்லை! ‘நோட்கோத்தீவி’ என்ற ஒரே வார்த்தைதான் மிஞ்சியது.

“பாத்துக்கறோம்னு சொல்றாருக்கா” என்றேன்.

ஷிப்ட் பஸ் உண்டா என்று இன்னொருத்தி கேட்டாள். அதற்கும் நீளமாகப் பேசினார். “அதையும் பாத்துக்கறாராம்.” வேலை நிரந்தரமா? அதற்கும் அதேதான். கேன்டீனே சிரித்துவிட்டது.

அவருக்கு முகம் சிவந்தது. நான் இவ்வளவு பேசுகிறேன், நீ ஏன் ரெண்டே வார்த்தையில் முடிக்கிறாய் என்று கன்னடத்தில் அதட்டினார். சூப்பர்வைசர் முறைத்தார். வேலை போய்விடுமோ என்றுகூடத் தோன்றியது. இருந்தாலும், “சார், நீங்க சொன்னதைத்தான் சொன்னேன். ஏதாவது விட்டிருந்தா சொல்லுங்க, அதையும் சொல்றேன்” என்றேன்.

“அப்ப அதை எழுதிக் குடுக்கச் சொல்லு கண்ணு” என்றார் அந்த அக்கா. ஒரு வார்த்தை குறைக்காமல் அதையும் கன்னடத்தில் சொன்னேன்.

அந்தக் கூட்டத்தில் ஒருத்தரும் கையெழுத்துப் போடவில்லை. என் படிவத்தை நானே கிழித்தேன். காலையில் கொடுத்துவிட்டவர்களிடம் போய் நடந்ததைச் சொன்னேன். ஷிப்ட் முடிந்ததும் எல்லாருமாக ஆபீஸ் வாசலில் நின்று அவர்களுடைய படிவங்களைத் திரும்ப வாங்கினோம். இரண்டு வாரம் இழுபறி. கடைசியில் பழைய சர்வீஸ் தொடரும், பஸ் உண்டு, வேலை நிரந்தரம் என்று தமிழிலும் கன்னடத்திலும் எழுதிக் கொடுத்தார்கள். அதன்பிறகுதான் சேர்ந்தோம். இன்று எனக்குப் பன்னிரண்டு வருட சர்வீஸ்.

இப்போதும் யாராவது மனசைத் தொடுகிற மாதிரிப் பேசினால், இதை இன்னொருத்தருக்குத் திருப்பிச் சொன்னால் என்ன மிஞ்சும் என்று உள்ளுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு, காது கொடுத்துக் கேட்கத் தெரியும் என்பதில் அவ்வளவு பெருமை.